சாமி மாடத்துல பொரிஞ்ச கூடு

நவம்பர் 6

சித்திக்கு,

நல்லா இருக்கீங்களா? சித்தப்பா இருமல் எப்படி இருக்கு? நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். போன்ல நான் என்ன சொன்னாலும் நீங்க "ஆங், ஆங்"னு மட்டும் சொல்றீங்க. அதான் எழுதறேன்.

ஒரு உதவி வேணும், சிரிக்காதீங்க. மரக்கடையத் தாண்டி ரயில் பாதை ஓரமா முள்ளுப்புதர் இருக்கில்ல, அதுல கும்பிடு பூச்சி முட்டைக்கூடு இருக்கும். இப்ப இலை கொட்டியிருக்கும், பளிச்சுனு தெரியும். காஞ்சு போன சோப்பு நுரை மாதிரி, கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். கூட்டப் பிய்க்காம குச்சியோட வெட்டி ஒரு டப்பாவுல போட்டு வெளியிலயே வைங்க. மார்ச் மாசம் பார்சல் அனுப்புங்க.

நாங்க வேலை பாக்கற ரோஜாத் தோட்டத்துல அசுவினி ஏறுது, அந்தப் பச்சைச் செடிப்பேன். முதலாளி வாரம் ரெண்டு தடவ மருந்து அடிக்கிறாரு. ரோஜா வளக்கற பிளாஸ்டிக் கொட்டகை வரிசையா இருக்கு, உங்க மருமக மூணாம் நம்பர் கொட்டகைக்குள்ளதான் பூ வெட்டறா. மருந்து அடிச்ச நாள்ல தலை சுத்தி உக்காந்துடறா. வேலைய விட்டா முதலாளி கொடுத்த ரூமையும் விடணும். கும்பிடு பூச்சி பேனைத் தின்னும், மூணாம் நம்பர் கொட்டகையில மட்டும் மருந்து வேணாம்னு முதலாளி கால்ல விழாத குறையா கேட்டு வாங்கியிருக்கேன். பேன் ஏறினா மறுநாளே மருந்துன்னு சொல்லிட்டாரு. இங்க அடிச்ச மருந்துல சுத்துவட்டாரத்துல ஒரு பூச்சி கிடையாது. அதான் உங்களக் கேக்கறேன்.

உங்க நெட்டையன்


நவம்பர் 17

நெட்டையனுக்கு சித்தி எழுதறது.

கடவுள் புண்ணியத்துல உசுரோட இருக்கோம். சித்தப்பாவுக்கு இருமல் கொறஞ்சிருக்கு, வாய் கொறையல. என் காது மெஷின நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். அதப் போட்டுக்கிட்டு சாமி கும்பிட்டா விசில் அடிக்குது. கடவுள்தான் கூப்பிடறாருன்னு ரெண்டு தடவ திரும்பிப் பாத்தேன்.

ஏண்டா, ஆறு மாசமா ஒரு வரி எழுதல. எழுதினா பூச்சி முட்டை கேக்கற! அக்கா போனதுக்கு அப்பறம் உன்னத் தூக்கி வளத்தவ நான். புள்ளைங்க துணிமணி கேக்கும், ஊறுகா கேக்கும். எந்தப் புள்ளையாவது இதக் கேக்குமா? சித்தப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். வெட்டிக்கிட்டிருந்த பேன்ட்ட அப்படியே போட்டுட்டு சிரிச்சாரு. "உங்க அக்கா புள்ளைக்கு முத்திப்போச்சு"ன்னாரு. எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. என் புள்ளைய நான் திட்டலாம், அவரு யாரு திட்ட? அந்தக் கோவத்துலதான் அவரோட கத்தரிக்கோலையே தூக்கிக்கிட்டு கிளம்பினேன்.

புதருக்குள்ள குனிஞ்சிருக்கேன், மரக்கடை ஆளு ஒருத்தன் பாத்துட்டு, "என்னம்மா, கம்மல் விழுந்துடுச்சா?"ன்னான். பூச்சி முட்டைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? "ஆமாப்பா"ன்னுட்டேன். அவ்வளவுதான். மரத்தையெல்லாம் கீழ போட்டுட்டு ஒரு கூட்டமே வந்துடுச்சு. முள்ளு கிழிக்கக் கிழிக்க என் கம்மலத் தேடறாங்க. ரெண்டு கம்மலும் என் காதுலயே தொங்குது! தலைப்ப இழுத்து காத மூடிக்கிட்டு, அவங்க குனியும்போது ஒரு குச்சி, நிமிரும்போது ஒரு நடிப்புன்னு வெட்டி வெட்டிப் பைக்குள்ள போட்டேன். கடைசியில, "விடுங்கப்பா, கடவுள் கொடுத்தாரு, கடவுளே எடுத்துக்கிட்டாரு"ன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தப் புள்ளைங்க முகம் வாடிப்போச்சு. உன்னால ஒரு பொய்யி. எழுதி வெச்சுக்க.

துணி வெட்டற கத்தரியில முள்ளு வெட்டினதுக்கு சித்தப்பா ராத்திரி சாப்பாட்டப்போ பேசவே இல்ல. நிம்மதியா இருந்துச்சு.

கூடெல்லாம் பட்டன் டப்பாவுல இருக்கு, பின்பக்கத்துல வெச்சிருக்கேன். மருமகளுக்கு தலை சுத்துதுன்னு எழுதியிருக்கியே, விசேஷம் ஏதாவது உண்டா? போன வருஷம் நடந்தத நெனச்சுக்கிட்டே இருக்காதீங்க. நான் வேண்டிக்கிட்டுதான் இருக்கேன். எதிர்வீட்டு நர்ஸம்மா தினம் கேக்கறா, "உங்க வீட்டுல நல்ல சேதி எப்போ?"ன்னு. நான் என்ன பதில் சொல்றது?

உடனே பதில் போடு.

சித்தி


ஜனவரி 9

நெட்டையனுக்கு,

நீயும் மருமகளும் நல்லா இருக்கணும்னு கடவுளைக் கேட்டுக்கிட்டு எழுதறேன். நீ சொல்லாதப்போ அவரைத்தான் கேக்கணும். விசேஷம் உண்டான்னு கேட்டேன், ரெண்டு மாசமா பதிலே இல்ல. வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க? தபால்காரரு என்னப் பாத்தாலே சைக்கிள வேகமா மிதிக்கிறாரு.

உன் கூடெல்லாம் பத்திரமா இருக்கு. இங்க பனி எலும்புக்குள்ள போவுது. பின்பக்கம் போனா டப்பா மேல வெள்ளையா பூத்திருக்கு. அப்பறம்தான் எனக்கு உறைச்சுது. இது என்ன பூச்சி? பொறந்ததுலேருந்து சாகற வரைக்கும் கையக் கூப்பிக்கிட்டே இருக்கற பூச்சி. நாம ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் கும்பிடறோம், அதுக்கே முட்டி வலிக்குது. அப்பேர்ப்பட்ட ஜீவன வெளியில பனியில போட்டா அந்தப் பாவம் யாருக்கு? அதனால போன மாசமே கடை ரூமுக்குள்ள கொண்டாந்து சாமி மாடத்துல, விளக்குக்குப் பக்கத்துல வெச்சுட்டேன். கதகதன்னு இருக்கு. தினம் அதுங்களுக்கும் சேத்து கும்பிடறேன்.

நீ மார்ச்சுன்னு சொன்ன. அதுவரைக்கும் அதுங்க கடவுள் காலடியில இருக்கட்டும்.

மருமகள கேட்டதா சொல்லு. விசேஷம்?

சித்தி


ஜனவரி 16

சித்தி,

எல்லாரும் சுகம். இந்தக் காயிதம் கைக்கு வந்த உடனே டப்பாவ சாமி மாடத்துலேருந்து எடுத்து வெளியில வைங்க. உடனே. குளிர்ல இருந்தாதான் தூங்கும். சூடு பட்டா வசந்தம் வந்துடுச்சுன்னு நெனச்சு பொரிச்சுடும். இப்ப பொரிச்சா தின்ன ஒண்ணும் இருக்காது.

மத்தது அப்பறம் எழுதறேன்.

நெட்டையன்


ஜனவரி 18

டேய் நெட்டையா,

உடம்பு எப்படி, மனசு எப்படின்னு கேக்கற நெலமையில நான் இல்ல.

இன்னைக்குக் காலைல பேங்க் மேனேஜரு கோட்டு அளவு பாக்க வந்தாரு. மக கல்யாணத்துக்குப் போடற கோட்டு. சித்தப்பா பயபக்தியா கைய உள்ள விடச் சொன்னாரு. மனுசன் ஒரு கைய விட்டாரு, இன்னொரு கைய விட்டாரு, கண்ணாடியப் பாத்தாரு. "டெய்லரே, இது என்ன, கோட்டு நடக்குது?"ன்னாரு.

நான் சாமி மாடத்தப் பாக்கறேன், கடவுளே! டப்பா ஓட்டை வழியா நூல் நூலா தொங்குது. ஒவ்வொரு நூல்லயும் கொசு அளவுக்கு ஒண்ணு, கை கால் வெச்ச வைக்கோல் தூசி மாதிரி. சாமி படத்து மேல, விளக்கு மேல, நூல்கண்டு மேல, தையல் மெஷின் சக்கரத்து மேல. ஆயிரமோ ரெண்டாயிரமோ அந்தக் கடவுளுக்குதான் வெளிச்சம். மேனேஜரு கோட்டக் கழட்டி வீசிட்டு வெளியில ஓடினாரு. சித்தப்பா இஸ்திரிப் பெட்டியத் தூக்கிட்டாரு. "வெச்சீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன், அதுங்க நம்ம நெட்டையனோடது!"ன்னு குறுக்க நின்னேன். அவரு என்னையும் பூச்சியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. யாரைத் தேய்க்கறதுன்னு யோசிச்சாருன்னு நெனக்கிறேன்.

சரி, பொறந்தது பொறந்துடுச்சு, ஏதாவது போடணுமேன்னு சோத்துப் பருக்கை வெச்சேன், சீண்டல. சர்க்கரைத் தண்ணி வெச்சேன், குடிச்சுதுங்க. சாயங்காலம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு பக்கத்துல போய்ப் பாக்கறேன், ஒண்ணு கையக் கூப்பிக்கிட்டு நிக்குது. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அப்படியே கையக் கூப்பிக்கிட்டே பக்கத்துல நின்ன கூடப்பொறந்தத லபக்குனு புடிச்சு தலைலேருந்து தின்னுச்சு! கடவுள் சன்னதியில! தின்னுட்டு மறுபடியும் கையக் கூப்புது!

ஏண்டா, இந்த லட்சணத்த நீ முதல்லயே சொல்லக் கூடாதா? வெளியில வைன்னு சொன்ன, சூடு பட்டா பொரிக்கும்னு ஒரு வார்த்த சொன்னியா? நீ எதத்தான் முழுசா சொல்லியிருக்க?

வெளியில விட்டா பனியில செத்துடும், உள்ள இருந்தா ஒண்ண ஒண்ணு தின்னுடும். நான் என்ன செய்யட்டும்? எனக்கு ராத்திரி சோறு எறங்கல.

சித்தி


பிப்ரவரி 11

சித்திக்கு,

நீங்களும் சித்தப்பாவும் நல்லா இருக்கீங்களா? லேட்டா எழுதறதுக்கு கோவிச்சுக்காதீங்க. உங்க மேல கோவம் இல்ல. முதல்லயே சொல்லாதது என் தப்பு, அப்பறம் எழுதின காயிதமும் பொரிச்சதுக்கு அப்பறம்தான் உங்க கைக்கு வந்திருக்கும்.

இன்னொரு தடவ போவீங்களா? ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் புதர் இருக்கு, அங்க கிடைக்கும். போன வாரம் முதலாளி மருந்து டிரம்ம மூணாம் நம்பர் வாசல்லயே இறக்கி வெச்சுட்டாரு. "உன் பூச்சி எங்கப்பா?"ன்னு தினம் கேக்கறாரு. நான் வருது, வருதுங்கறேன்.

சித்தி, வேற எந்த வருஷமா இருந்தாலும் விட்டுடுவேன். இந்த வருஷம் அந்தக் கொட்டகையில மருந்து அடிக்கக் கூடாது. ஏன்னு கேக்காதீங்க.

உங்க மருமகளுக்கு இப்ப காலைல சாப்பாடு சரியா எறங்கறதில்ல. மத்தபடி சுகம்.

நெட்டையன்


மார்ச் 5

நெட்டையனுக்கு,

சுகம், சுகம், சுகம். நீ எழுதற மாதிரியே எழுதிட்டேன், போதுமா?

மருமகளுக்கு சாப்பாடு எறங்கலன்னா அந்த மருந்து நாத்தமாத்தான் இருக்கும். ஜன்னலத் தொறந்து வெச்சு படுக்கச் சொல்லு. இதக்கூட நான்தான் சொல்லணும்.

பாதைக்கு அந்தப் பக்கம் போனேன். அங்க முள்ளுக்கு பல்லு இருக்கு. புடவை ரெண்டு எடத்துல கிழிஞ்சுது, சித்தப்பா தைச்சுக் கொடுத்தாரு, தைக்கும்போது ஒரு பாட்டம் திட்டும் சேத்துத் தைச்சாரு. திரும்பி வரும்போது அந்த மரக்கடை புள்ளை ஓடி வந்து, "அம்மா, உங்க கம்மல் இன்னும் கிடைக்கல, நாங்க அப்பப்போ பாத்துக்கிட்டுதான் இருக்கோம்"னான். எனக்கு பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு.

அதோட விட்டுச்சா? தபாலாபீசுல அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு, "பார்சல்ல என்ன?"ங்கறா.

"முட்டை"ன்னேன்.

"முட்டை உடையும், எடுத்துக்க மாட்டோம்."

"இது உடையாத முட்டைம்மா."

"உயிருள்ள பொருளா?"

"இருக்கு, ஆனா தூங்குது."

அவ எழுந்து போய் போஸ்ட்மாஸ்டரக் கூட்டிக்கிட்டு வந்தா. அவரு டப்பாவக் குலுக்கிப் பாத்தாரு. குலுக்காதீங்க, எழுந்துடப் போவுதுன்னு கத்தினேன். வரிசையில நின்னவங்க எல்லாம் ரெண்டடி பின்னாடி போயிட்டாங்க. கடைசியில, "ஐயா, மரக்குச்சி. ரோஜாத் தோட்டத்துக்கு"ன்னேன். அது பொய் இல்ல, குச்சியும் இருக்குதானே. அப்படியே முத்திரை குத்திட்டாரு. அவ்வளவு நேரம் உண்மைய சொன்னப்போ ஒருத்தரும் கேக்கல.

போன தடவ பொரிச்சதுல ஒண்ணும் மிஞ்சல, அதனால இந்தத் தடவ ஒரு நாள் கூட உள்ள வைக்கல. கழிவறைக்குப் பின்னாடி, காத்து சுழட்டி அடிக்கற எடத்துல வெச்சிருந்தேன். சாமி மாடத்துப் பக்கமே காட்டல. அந்தப் பூச்சிங்க குணம் தெரிஞ்சதுக்கு அப்பறம் எனக்கும் அவ்வளவு மனசு இல்ல.

ஏன்னு கேக்காதன்னு எழுதியிருக்க. நான் கேக்கல. விசேஷம் உண்டான்னு மட்டும் கேக்கறேன்.

சித்தி


ஏப்ரல் 22

அத்தைக்கு,

உங்க மருமக நமஸ்காரம் சொல்லி எழுதறேன். உங்க காது, மாமா இருமல் எல்லாம் எப்படி இருக்கு? இது உங்க புள்ளைக்குத் தெரியாம எழுதறது, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க.

உங்க பார்சல் பத்திரமா வந்துச்சு. இந்த மாசம் ஆரம்பத்துல எல்லாம் பொரிஞ்சுது. பாதி பாதியத் தின்னுட்டுது, மீதி ரோஜாவுக்குள்ள போயிடுச்சு. முதலாளி வந்து ஒரு இலை மேல ஒண்ணு கையக் கூப்பி நிக்கறதப் பாத்தாரு. "மரியாதை தெரிஞ்ச பூச்சி"ன்னாரு. மருந்து டிரம்ம எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிட்டாரு.

ஆனா அத்தை, அதுங்க வயிறு எவ்வளவு? இந்தப் பேன் ஒரு நாள்ல ஒரு கிளைய மூடிடுது. உங்க புள்ளை விடியறதுக்கு முன்னாடியே எழுந்து போறாரு. பழைய பனியன் துணிய சோப்புத் தண்ணியில நனைச்சு, ஒவ்வொரு இலையா பின்பக்கம் திருப்பித் துடைக்கிறாரு. வேலைக்கு மணி அடிக்கறதுக்குள்ள திரும்பி வந்து இப்பதான் எழுந்த மாதிரி பல்லு வெளக்கறாரு. முதலாளி வந்து பாத்து, "உன் பூச்சி சூரன்பா"ங்கறாரு. இவரு தலைய ஆட்டறாரு.

எதுக்குன்னு உங்களுக்கு இன்னேரம் தெரிஞ்சிருக்கும். எனக்கு நாலு மாசம். அந்தக் கொட்டகையிலதான் தினம் நிக்கறேன்.

போன வருஷம் நான் உண்டானப்போ நீங்க சந்தோஷத்துல எல்லார்கிட்டயும் சொன்னீங்க, அது தப்பு இல்ல. கரு தங்கலன்னு ஆனப்போ உங்க தெரு மொத்தமும் ஆறுதல் எழுதினாங்க. எதிர்வீட்டு நர்ஸம்மா, மாமாகிட்ட சட்டை தைக்கறவங்க எல்லாம். நான் படுத்திருந்தேன். இவருதான் ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து பதில் எழுதினாரு. ஒவ்வொண்ணுலயும் அதே சேதிய முதல்லேருந்து எழுதணும். அதுக்கப்பறம்தான் இவரு யாருக்குமே எழுதறத நிறுத்தினாரு.

உங்களுக்குத் தெரியாம என்னால இருக்க முடியல. அதான். கோவிச்சுக்காதீங்க அத்தை.

உங்க மருமக


ஏப்ரல் 30

கண்ணு,

நீ நல்லா இருக்கணும். இதப் படிச்சதும் கிழிச்சுடு.

உன் காயிதத்த தையல் மெஷின் பக்கத்துல நின்னுதான் படிச்சேன். மூஞ்சி என்ன ஆச்சோ தெரியல, உன் மாமா பெடல நிறுத்திட்டு, "என்ன?"ன்னாரு. "பூச்சி பொரிச்சிடுச்சாம்"னேன். "அதுக்கா அழற?"ன்னாரு. "ஆமா, அதுக்குத்தான் அழறேன், உங்களுக்கு என்ன?"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

கோவம் இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். எம்மேல, அவன் மேல, இந்தத் தெரு மேல, எல்லார் மேலயும் கோவம் வருது. ஆறுதல் சொல்றேன்னு கிளம்பினவங்க கைய ஒடிக்கணும். அவன் ஒண்டியா உக்காந்து எழுதினானா? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேனே.

இப்ப என் பாடு உனக்குத் தெரியுமா? முந்தாநாள் நர்ஸம்மா வாசல்ல நின்னு, "என்னக்கா, முகம் பளபளன்னு இருக்கு, ஏதாவது சேதியா?"ங்கறா. நாலு மாசத்து வயித்துக்காரி என்ன சாப்பிடணும், எப்படிப் படுக்கணும்னு கேக்க என் நாக்கு நமநமங்குது. அவளுக்கோ எல்லாம் தெரியும். "வெயிலு"ன்னேன். நாக்க கடிச்சுக்கிட்டேன், நெசமாவே கடிச்சுட்டேன், இன்னைக்கு வரைக்கும் சூடா எதுவும் குடிக்க முடியல. ஐம்பது வயசுக்கு மேல எனக்கு இந்தத் தண்டனை.

கனமா எதையும் தூக்காத. கீழ குனிஞ்சு வெட்டற பூவ அவன வெட்டச் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்லல. கடவுள்கிட்ட கூட மனசுக்குள்ளதான் சொன்னேன். சத்தமா வேண்டினா இவரு காதுல விழும்.

அத்தை


ஜூன் 20

சித்திக்கு,

நீங்க நல்லா இருக்கீங்களா? நெசமாவே கேக்கறேன். ரெண்டு மாசமா நீங்க போடற காயிதத்துல பூச்சி எப்படி, செடி எப்படின்னுதான் கேக்கறீங்க. வழக்கமா கேக்கறதக் கேக்கல. உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையோன்னு பயந்துட்டேன். உங்க மருமககிட்ட சொன்னேன், அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அவ உங்களுக்கு எல்லாத்தையும் எழுதிட்டான்னு அப்பறம் புரிஞ்சுது.

சித்தி, ஆறு மாசம் முடிஞ்சுடுச்சு. டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. நீங்க இவ்வளவு நாள் எப்படித் தாங்கினீங்கன்னு தெரியல. இப்ப நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். தெருவுக்கே சொல்லுங்க. நான் மனசாரதான் சொல்றேன்.

பூச்சி விஷயத்துலதான் மாட்டிக்கிட்டேன். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ரெண்டாம் நம்பர் கொட்டகையிலயும் மருந்த நிறுத்திட்டாரு. "உன் பூச்சி ரெண்டு கொட்டகையப் பாக்காதா?"ங்கறாரு. என்னன்னு சொல்ல? சோப்புத் தண்ணியில விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. ஒரு கொட்டகையத் துடைக்கறதுக்குள்ளயே விடிஞ்சுடுது. ரெண்டாம் நம்பர்ல பேன் ஏறினா பூச்சிய நம்பமாட்டாரு, மூணாம் நம்பர்லயும் சேத்து அடிச்சுடுவாரு. அவளுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு.

நெட்டையன்


ஜூன் 26

நெட்டையனுக்கு,

உடம்பெல்லாம் நல்லாதான் இருக்கு. வாய மூடிக்கிட்டு இருந்தா உடம்பு இளைக்குதுன்னு இப்பதான் தெரிஞ்சுது.

தெருவுக்குச் சொல்லலாம்னு எழுதியிருக்க. பெரிய மனசுதான். நான் சொல்லமாட்டேன். புள்ளை பொறந்து வாயத் தொறந்து கத்தட்டும், சேதி தானா வரும். அதுவரைக்கும் நர்ஸம்மா என்ன ஜாடையா கேட்டாலும் எனக்குக் காது கேக்காது. மெஷினக் கழட்டி வெச்சுட்டேன்.

விரல் வெடிச்சிருக்குன்னா ராத்திரி எண்ணெய் தடவிக்கிட்டு படு. இதெல்லாம் யாராவது சொல்லித் தரணுமா? முதலாளிகிட்ட, பூச்சிங்கள பழக்கின ஆளு ஊர்லேருந்து வருதுன்னு சொல்லிடு. ஞாயித்துக்கிழமை காலை வண்டியில வர்றேன். மூணாம் நம்பர நீ துடை, ரெண்டாம் நம்பர் என்னோடது. விடியக்காலைல எழுந்திருக்கறது எனக்குப் புதுசு இல்ல, சாமிய அங்க நின்னுக்கிட்டே கும்பிட்டுக்கறேன். இலைக்கு ஒரு தடவ கும்பிட்டாலும் கணக்கு நிறையவே வரும். புள்ளை பொறக்கற வரைக்கும் அந்த ரூம்ல எனக்கு ஒரு பாய் விரிக்க எடம் இருந்தா போதும்.

சித்தப்பாகிட்ட பூச்சிய பாக்கப் போறேன்னு சொன்னேன். "மூணு மாசமா?"ன்னாரு. "ஆமா"ன்னேன். அப்பறம் பழைய வேட்டி ஒண்ண எடுத்து, துடைக்கற துணி மாதிரி சதுரம் சதுரமா வெட்டி, ஓரம் பிரியாம தைச்சு என் பைக்குள்ள வெச்சாரு. ஒரு வார்த்த கேக்கல. புள்ளை விஷயம் தெரிஞ்சு வெச்சாரா, தெரியாம வெச்சாரா, எனக்கு ஒண்ணும் புரியல. என்ன மனுசன்டா இவரு!

வர்றேன்.

சித்தி